கிளாம்பின் பல்லில் குங்குமம்

அத்தியாயம் நான்கு

"நான் ஊட்டினா ரெண்டு வாயோட போதும்கிறாரு அக்கா. எங்கண்ணன் ஊட்டினா கிண்ணத்த வழிச்சுச் சாப்பிடுறாரு," என்றாள் தாமரை. குறையாகச் சொல்லவில்லை. அண்ணனைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள்.

மலையூரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன் சிவலிங்கம், டன்பார் தேயிலைத் தோட்டத்து லைன்மேன். இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. பக்கத்து ஸ்டூலில் தாமரையின் அண்ணன் மூர்த்தி உட்கார்ந்திருந்தான். அதே தோட்டத்தில் சிவலிங்கத்தோடு ஜோடி போட்டு வேலை செய்கிறவன். சிவலிங்கம் கம்பத்தில் ஏறினால் மூர்த்தி கீழே நிற்பான். மடக்குக் கத்தியால் ஆரஞ்சை உரித்து, கொட்டை நீக்கி, சுளை சுளையாகத் தங்கை புருஷன் வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் ஒரு மச்சான் இருக்கிறார். அவர் எனக்குச் சுளை ஊட்ட வேண்டாம், வாங்கிப் போன டார்ச் லைட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

என் பெயர் தாஜுதீன். எங்கள் மாமா ஈசாவின் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில் 'குணவதி துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்கும். அதற்கு நான் டிரைவர், உதவியாளர், தே ஓ என்கிற கடுந்தேநீர் வாங்கி வருகிறவன், எல்லாம். குணவதி அக்கா துப்பறிய வருவதற்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஊரார் எல்லாரும் எல்லாரிடமும் சொன்ன பொய்களைக் காதில் மாட்டிக்கொண்டு காலம் தள்ளியவர். அதனால் ஒருவன் பேசும்போது அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

இப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்துச்சுன்னு நீங்களே ஒரு தடவ சொல்லுங்க சிவலிங்கம்."

சிவலிங்கம் சொன்னான். ஆயுத பூசைக்கு மறுநாள். ராத்திரி காற்றில் மரக்கிளை விழுந்து, ஆலைக்குப் போகும் கம்பி ஒன்று தொங்கிவிட்டது. ஆற்றோரத்து மின் நிலையத்திலிருந்து வரும் கரண்டை நிறுத்திவிட்டு, செத்த கம்பியில்தான் வேலை செய்யப் போனார்கள். அந்த நேரம் பார்த்து, ஆலையில் தேயிலைக் கொழுந்து வதங்காமல் கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில், எஞ்சின்காரர் முருகையா டீசல் எஞ்சினை ஓட்டிவிட்டார். ஓட்டுமுன் ஆலையை வெளிக்கம்பியிலிருந்து பிரிக்கும் சுவிட்சைத் தள்ளியிருக்க வேண்டும். மறந்துவிட்டார். ஆலைக்குள் சுற்ற வேண்டிய கரண்ட் பின்பக்கமாக வெளியே கிளம்பி, கம்பத்து உச்சியில் சிவலிங்கம் பிடித்திருந்த கம்பிக்கு வந்துவிட்டது.

"முருகையா அண்ணன் அன்னிக்கே எல்லார் முன்னாடியும் தலையில அடிச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டாரு," என்றான் சிவலிங்கம். "அவர் மேல எனக்குக் கோவம் இல்லக்கா. மனுசன் மறப்பான். மறப்பான்னுதானே எர்த் வயரு போடுறோம்."

"அந்த எர்த் வயரப் பத்தி இந்தத் தாஜுவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் அக்கா. அவருக்கும் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"தடியான செம்பு வயரு பாய். ரெண்டு முனையிலயும் பித்தளைக் கிளாம்பு. கம்பத்தடியில மண்ணுக்குள்ள இறங்குற இரும்புப் பட்டை இருக்கும்ல, ஒரு முனைய அதுல மாட்டணும். இன்னொரு முனைய நான் மேல ஏறி, கம்பால தூக்கி, வேலை செய்யப்போற கம்பியில மாட்டி முறுக்குவேன். அப்புறம் எவன் எங்க சுவிட்சப் போட்டாலும் கரண்ட்டு என்னைய விட்டுட்டு வயரு வழியா மண்ணுக்குப் போயிரும். ஆனா வரிசை மாறக் கூடாது. மாட்டும்போது முதல்ல கீழ, அப்புறம் மேல. கழட்டும்போது முதல்ல மேல, கடைசியிலதான் கீழ. மாத்திச் செஞ்சா காப்பாத்துற வயரே ஆளக் கொன்னுரும் லா."

"நீங்க மேல மாட்டினீங்களா?"

"மாட்டினேன்கா. மாட்டி முறுக்கிட்டுத்தான் கைய வெச்சேன். விழும்போது என்னோட சேந்து பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

இங்கேதான் சிக்கல். கம்பத்தடியைத் தோட்டத்து மேனேஜர் துரை போய்ப் பார்த்திருக்கிறார். மூர்த்தி சொன்னபடி கீழே எல்லாம் ஒழுங்கு. அப்படியானால் மேல் முனையைச் சிவலிங்கம் மாட்டாமலே கை வைத்திருக்கிறான், அவன் அலட்சியம், அவன் தலைவிதி என்பது துரையின் முடிவு. நாளைக் காலையில் ஆபீசில் வைத்து வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும் போகும். கட்டுப் போட்ட கையோடு புருஷன், இரண்டு பிள்ளைகள், சட்டி பானை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தாமரை ரோட்டில் நிற்க வேண்டும். அதனால்தான் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள்.

"கீழ் முனைய யார் மாட்டுவா?" என்றார் அக்கா.

"மச்சான்தான். ஏறதுக்கு முன்னாடி, 'சுரண்டியாச்சா மச்சான்'னு ஒரு குரல் கேப்பேன். 'சுரண்டியாச்சு மாப்ளே'ம்பாரு. அதுக்கப்புறம் நான் கீழ பாக்க மாட்டேன். அன்னிக்கும் அப்படித்தான்."

"எதச் சுரண்டுறது?" என்று நான் கேட்டேன்.

"பட்டையில துரு இருக்கும், பெயிண்ட்டு இருக்கும். கத்தியால சுரண்டி வெறும் இரும்பு தெரிஞ்சாத்தான் கிளாம்பு பிடிக்கும். பெயிண்ட்டு மேல மாட்டினா மாட்டாததும் ஒண்ணு, மாட்டினதும் ஒண்ணு."

மூர்த்தி ஆரஞ்சை வைத்துவிட்டுக் கத்தியை அக்காவிடம் நீட்டினான். பிடியில் சிவப்பு வயர் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"இதாலதான் சுரண்டினேன்கா. பாருங்க, மடிப்புச் சந்துல இன்னும் வெள்ளிப் பெயிண்ட்டு ஒட்டியிருக்கு. பூசைக்குன்னு கம்பத்தடி எல்லாத்துக்கும் பெயிண்ட்டு அடிச்சோம்ல, அது. மாப்ளே எனக்கு வாங்கிக் கொடுத்த கத்தி. பிடிக்கு வயரு சுத்தினதும் அவருதான்."

பழத்தோடு சிவலிங்கத்துக்குக் கொஞ்சம் பெயிண்ட்டும் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"மாப்ளே மேல மாட்டினேன்னு சொன்னா மாட்டியிருப்பாரு," என்றான் மூர்த்தி. "பனி மூடிருச்சுக்கா, எனக்கு அவரு காலுதான் தெரிஞ்சுச்சு. பாக்காதத பாத்தேன்னு துரைகிட்ட எப்படிச் சொல்றது? ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. ஃபோர்மேன் ஆண்டியப்பன் அந்த வயரையும் கிளாம்பையும் ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிட்டாரு. யாரு கேட்டாலும் காட்ட மாட்டேங்கிறாரு. ஏன்?"

வெளியே வந்து வேனைக் கிளப்பினேன்.

"அக்கா, கேஸ் முடிஞ்சுது. ஃபோர்மேன்தான். சுத்தமா இருக்கிறவன் எதுக்கு ஸ்டோர்ல பூட்டுப் போடுறான்?"

"உங்க மாமா ராத்திரி கடையப் பூட்டிட்டுத்தானே போறாரு?"

"அவரு வேற. நேத்து மீந்த மீன் கறிய யாரும் பாத்துடக் கூடாதுன்னு பூட்டுறாரு."

அக்கா சிரிக்கவில்லை. எதையோ திரும்பத் திரும்பக் காதுக்குள் ஓட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

டன்பார் தோட்டத்துச் செம்மண் ரோடு சகதியாகக் கிடந்தது. முதல் கம்பத்திலேயே நிறுத்தச் சொன்னார். கம்பத்தடி இரும்புப் பட்டைக்கு வெள்ளிப் பெயிண்ட் தடிப்பாக அடித்து, முழங்கால் உயரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இரண்டாவது கம்பத்திலும் அப்படியே. ஆயுத பூசை என்றால் தோட்டத்தில் எந்த இரும்புக்கும் விலக்கு கிடையாது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து லோரி பம்பர் வரைக்கும் பொட்டு உண்டு. என் வேனுக்கும் ஒரு வருஷம் வைத்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை. அந்த வருஷம்தான் வண்டி மக்கர் பண்ணாமல் ஓடியது.

சிவலிங்கம் விழுந்த கம்பத்துக்கு வந்தோம். அதே பெயிண்ட். ஆனால் பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி, வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"மூர்த்தி சொன்னது சரிதான்கா. நல்லா சுரண்டியிருக்கான்."

"ரொம்ப நல்லா சுரண்டியிருக்கான்," என்றார் அக்கா. "கிளாம்பு எவ்வளவு பெருசு இருக்கும் தாஜு?"

"பாத்ததில்லக்கா, எப்படியும் ரெண்டு விரல் அகலம்தான் இருக்கும்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?"

இரண்டு விரலைப் பட்டையில் வைத்து அளந்து பார்த்தேன், மீதி இடம் நிறைய இருந்தது. அக்கா வேனில் ஏறிவிட்டார்.

ஃபோர்மேன் ஆண்டியப்பன் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மீசையும் சாவிக் கொத்தும் ஒரே கனம் இருக்கும். நான் கண்ணாலேயே அவருக்கு விலங்கு மாட்டிவிட்டேன்.

"தர மாட்டேன்மா. துரை சாவி கேட்டாத்தான் தொறப்பேன். எவன் கையும் அதுல படக் கூடாது."

"தர வேண்டாம் ஃபோர்மேன். நீங்களே கையில பிடிச்சுக்கிட்டு எங்களுக்குக் காட்டுங்க. தொட்டேன்னா என் கையில அடிங்க."

அவர் யோசித்தார். அக்காவின் கையை அடிக்கும் ஆள் அவர் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

வயர் சுருளை மேஜையில் வைத்தார். பூசைக்குப் புளி போட்டுத் துலக்கிய பித்தளை இன்னும் மின்னியது. மேல் கிளாம்பின் வாயைத் திறந்து காட்டினார். துலக்கிய பித்தளையில் கம்பி அழுந்திப் பதிந்த கோடு தெளிவாக இருந்தது.

"பூசைக்கு அப்புறம் இது எந்தக் கம்பியிலயாவது மாட்டினீங்களா?"

"இல்லம்மா. விஜயதசமி அன்னிக்கு அந்த ஒரு வேலைதான்."

"அப்ப சிவலிங்கம் மேல மாட்டியிருக்கார். முறுக்கவும் செஞ்சிருக்கார். சரி, கீழ் கிளாம்பு?"

ஆண்டியப்பன் அதன் வாயைத் திறந்தார். பல்லுக்குப் பல் வெள்ளிப் பெயிண்ட் அப்பியிருந்தது. அதன் நடுவே சிவப்பாக ஒரு கறை.

"குங்குமம்," என்றார் அக்கா.

"கிளாம்புக்கும் பொட்டு வெச்சிருப்பாங்கக்கா," என்றேன்.

"பொட்ட நெத்தியில வைப்பாங்க தாஜு. பல்லுலயா வைப்பாங்க?"

ஆண்டியப்பனின் மீசை துடித்தது. அவர் ஃபோர்மேன், எனக்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. "பெயிண்ட்டு மேலயே கடிச்சிருக்கும்மா. பொட்டு மேலயே. வருசத்துக்கு ஒரு கோட்டு, பூசைக்குப் பூசை அடிச்சு அடிச்சு அது ரப்பர் மாதிரி தடிச்சுப் போயிருக்கு. கரண்ட்டு எங்கேருந்து மண்ணுக்குப் போறது? எர்த் வயரு சும்மா தொங்கியிருக்கும்மா!"

"ஆனா இப்ப அங்க வெறும் இரும்பு தெரியுது. இந்தக் கிளாம்ப யார் கழட்டினது?"

"நான்தான். அவன் விழுந்த சத்தம் கேட்டு ஓடியாந்து, எஞ்சின நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிட்டு, இதக் கழட்டி வயரோட சுருட்டி, அவனத் தூக்கிப் போட்ட லோரியிலயே போட்டேன். பின்னால எவனாச்சும் மாத்தி வெச்சுட்டு அவன் மேல பழி போட்டுருவான்னுதான் பூட்டி வெச்சிருக்கேன். நான் எங்கம்மா பட்டையப் பாத்தேன்? ஆளப் பாக்கவே நேரமில்ல."

நான் மானசீகமாக அவருக்கு மாட்டிய விலங்கைக் கழற்றினேன்.

"லோரியில யார் யார் போனீங்க?"

"அங்க நின்ன அத்தனை பேரும். மூர்த்திய மட்டும் காணோம். ஏறுடான்னேன். 'ஏணி, கயிறு எல்லாம் கிடக்கு, எடுத்துட்டுப் பின்னாலயே வர்றேன்'னுட்டான். தங்கச்சி புருசன் துடிச்சுக்கிட்டுக் கிடக்கான், ஏணி என்னடா ஏணின்னு எனக்கு அப்பவே ஒரு மாதிரியா..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். 

கிளாம்பு லோரியில் போன பிறகுதான் பட்டை சுரண்டப்பட்டிருக்கிறது. அப்போது அந்த இடத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். எதனால் சுரண்டினான் என்றும் நாங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. கத்தியை அவனே நீட்டி, சந்தில் இருந்த பெயிண்ட்டை அவனே காட்டி, "இதாலதான் சுரண்டினேன்" என்று சாட்சி சொல்லியிருக்கிறான். எப்போது என்பதை மட்டும் மாற்றிச் சொன்னான்.

 அந்த ஆரஞ்சுச் சுளைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. எதிரி செய்தால் திட்டிவிட்டுப் போகலாம். கொட்டை எடுத்து ஊட்டுகிறவனை என்ன செய்வது?

ஆண்டியப்பன் கிளாம்போடு நேரே துரையின் பங்களாவுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். துரை கிளாம்பின் வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரோட்டில் இறங்கிப் போய்ப் பட்டையையும் ஒரு தரம் பார்த்தார். "சிவலிங்கம் வேலையில இருக்கான். வீட்டுல யாரும் கை வைக்கக் கூடாது," என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.  சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், அது போதும்.

திரும்பி வரும்போது நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

"எக்ஸ்சேஞ்சுல ஒண்ணு கத்துக்கிட்டேன் தாஜு," என்றார் அக்கா. "யாரும் கேக்காமலே சாட்சி காட்டுறவன் லைன கட் பண்ணாம கேக்கணும். கத்திய நாம கேக்கவே இல்ல."

வார்டில் சாயங்காலக் கஞ்சி வந்திருந்தது. மூர்த்தி கிண்ணத்தைக் கையில் வைத்து ஊதி ஆற்றிக்கொண்டிருந்தான். தாமரை எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வீடு எங்கயும் போகலம்மா. வேலையும் போகல. துரை சொல்லிட்டார்," என்றார் அக்கா.

தாமரை முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். சிவலிங்கம் கண்ணை மூடித் திறந்தான். மூர்த்தியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நிஜமான சந்தோஷம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் கொடுமை.

"மூர்த்தி, ஒரு சந்தேகம்," என்றார் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "நீ எப்ப சுரண்டினே?"

"மாப்ளே ஏறதுக்கு முன்னாடிக்கா."

"இரும்பு தெரிஞ்ச அப்புறம்தான் கிளாம்ப மாட்டினே?"

"ஆமாக்கா."

"அப்ப கிளாம்பு பல்லுல பெயிண்ட்டு எப்படி வந்துச்சு?"

கரண்டி நின்றது. "அது... பழைய பெயிண்ட்டா இருக்கும்கா."

"பூசைக்குப் புளி போட்டுத் துலக்கியிருக்கீங்க. பழசு எப்படி இருக்கும்? பெயிண்ட்டோட பொட்டுக் குங்குமமும் பல்லுல இருக்கு. கிளாம்ப ஃபோர்மேன் லோரியில எடுத்துட்டுப் போயிட்டார். நீதான் ஏணி எடுக்கறேன்னு நின்னுட்டே."

தாமரை அழுகையை நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள், அவன் ஏதாவது சொல்லி மறுத்துவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் கிண்ணத்துக்குள் பார்த்தான். அங்கே கஞ்சியைத் தவிர ஒன்றும் இல்லை.

"பூசை போட்ட மறுநாளே பொட்டச் சுரண்ட எனக்குக் கை வரலம்மா," என்றான் கடைசியில், தங்கையிடம். "விஜயதசமி. நல்ல நாளும் அதுவுமா சாமிக்கு வெச்சத எப்படிச் சுரண்டுறது? இறுக்கி முறுக்கினா பல்லு உள்ள ஏறிரும்னு நெனச்சேன். கரண்ட்டுதான் நிறுத்தியாச்சே, எங்கேருந்து வரப்போவுதுன்னு..."

"அது தெரியாமப் பண்ணின தப்புண்ணே," என்றாள் தாமரை. "அப்புறம் சுரண்டினியே, அது? துரைகிட்டப் போயி, கீழ எல்லாம் சரியா இருந்துச்சுன்னு சொன்னியே, அது?"

"பயந்துட்டேன்மா. என் வேலை போயிருக்கும்."

"இவரு வேலை போனா?"

"உங்கள நான் விட்டுருவேனா? என் வீட்டுல வந்து இருந்திருக்கலாம். கடைசி வரைக்கும் நான் வெச்சுக் கஞ்சி ஊத்தியிருப்பேன்."

 அவள் அண்ணன் அதை அன்பாகத்தான் சொன்னான். புருஷனின் கையையும் பேரையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கஞ்சி ஊற்றுவதாகச் சொல்கிறான். நான் அடிக்கக் கை ஓங்குகிற ஆள் இல்லை, அன்றைக்கு இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

சிவலிங்கம் மூர்த்தி பக்கம் தலையைத் திருப்பினான்.

"மச்சான், அன்னிக்குக் கம்பத்துல கால் வெச்சுட்டு நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க மாப்ளே."

"சுரண்டலன்னு சொல்லியிருந்தா நானே இறங்கிச் சுரண்டியிருப்பேனே. பொட்டச் சுரண்டின பாவம் எனக்கு வந்துட்டுப் போவுது. நீ என்ன சொன்னே?"

மூர்த்தி என்ன செய்வதென்று தெரியாமல், கைப்பழக்கத்தில், கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதி, எப்போதும் போல சிவலிங்கத்தின் வாயருகே கொண்டுபோனான்.

சிவலிங்கம் வாயைத் திறக்கவில்லை. கரண்டியைத் தள்ளிவிடக் கட்டுப் போட்ட கையால் முடியாது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மச்சானையே பார்த்தான். கஞ்சி கரண்டியிலிருந்து வழிந்து போர்வையில் சொட்டியது. 

தாமரை வந்து கிண்ணத்தையும் கரண்டியையும் அண்ணன் கையிலிருந்து வாங்கினாள். ஸ்டூலைக் காட்டினாள். அவன் எழுந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்து ஊட்டினாள். சிவலிங்கம் வாயைத் திறந்தான். கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. துடைத்துக்கொள்ள முடியாமல் அப்படியே சாப்பிட்டான்.

மூர்த்தி வாசல் வரைக்கும் போனான்.

"மச்சான்," என்றான் சிவலிங்கம், திரும்பிப் பார்க்காமல். "அந்தக் கத்திய வெச்சுட்டுப் போ. அது சுரண்டுறவனுக்குன்னு வாங்கினது."

மூர்த்தி சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கட்டிலின் கால்மாட்டில், போர்வை மேல் வைத்துவிட்டுப் போனான். தாமரை கரண்டியால் கிண்ணத்தின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள்.